லைன் என்றால் நூல்

எங்கள் ஊரில் லைன் என்ற சொல்லைச் சொன்னவர்களின் வாயிலிருந்து நூல் வரத் தொடங்கிய அந்த ஆடி மாதத்தில், அதைக் கண்டு முதலில் கோபப்பட்டவர் எங்கள் வீடுகளின் சொந்தக்காரர் நாச்சிமுத்துதான். பன்னிரண்டு வீடுகளை ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் ரயில் பெட்டிகள் போல ஒட்டிக் கட்டி, எதிரில் ஒரு குழாயும் கோடியில் இரண்டு கக்கூஸும் வைத்து, தாராபுரம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் பனியன் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த அவர், விடியற்காலையில் வந்து கேட்டைத் தட்டி, "இந்த லைன்ல எவ மறுக்காவும் செவுத்து மேல துணி காயப்போட்டது?" என்று கேட்டபோது, அவருடைய கீழுதட்டிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கி, வேட்டி மடிப்பு வழியாகத் தரைக்கு வந்து, ஒரு வாசற்படி விடாமல் பன்னிரண்டையும் தொட்டுக்கொண்டு போய்க் கடைசி வீட்டுச் சுவரில் முட்டி நின்றது. திருப்பூரில் வாயில் நூல் இருப்பது அதிசயமில்லை, ஊசியில் கோக்கும் முன் எல்லோரும் அதை வாயில் வைத்து எடுக்கிறவர்கள்தான். அதனால் அவர் துப்பிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் "லைன்ல" என்று ஆரம்பித்தார். மறுபடியும் வந்தது.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அது நடந்தது. "லைன்ல நில்லுங்க" என்ற டீச்சரின் நூல் பிள்ளைகளின் கால்களைத் தொட்டபடி கொடிக்கம்பம்வரை போனது. மின்வாரிய லைன்மேன் தன்னை யாரென்று சொன்ன இடத்திலெல்லாம் நூல் கிளம்பிப் பக்கத்துக் கம்பத்தில் ஏறியதால், மாலைக்குள் நாலு தெருக்களுக்கு அவர் ஒரு சிலந்தியைப் போல ஆகிவிட்டார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவர், தான் எக்ஸ்போர்ட் லைனில் இருப்பதாகச் சொல்லி வாயை மூடுவதற்குள், அவருடைய நூல் வாசலைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, அவர் உண்மையாகவே வேலை பார்த்த பரோட்டாக் கடையின் கல்லைப் போய்ச் சுற்றிக்கொண்டது.

அப்படித்தான் ஊர் அந்த நூலின் குணத்தைத் தெரிந்துகொண்டது. வாய் சொன்ன இடத்துக்கு அது போவதில்லை, மனசு பார்த்த இடத்துக்குத்தான் போகும். மனசுக்கு இடம் தெரியாவிட்டால், எங்கும் போகாமல் சொன்னவர் காலடியிலேயே சுருண்டு விழும்.

இதற்காக யாரும் வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. தைத்த துணியில் பிசிறு வெட்டுகிற ட்ரிம்மர் என்ற குட்டிக் கத்தரியைப் பெண்கள் எல்லோரும் தாலிக்கயிறு போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பேசப் பேச வெட்டிக்கொண்டார்கள். கம்பெனியில், வெள்ளைத் துணி ஓடும்போது அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று போர்டு மாட்டினார்கள். பெண்களைப் பார்த்து லைன் அடித்துக்கொண்டிருந்த பையன்கள், ஒரு சொல்லில் காட்டிக்கொடுக்கப்பட்டுவிடுவோம் என்ற பயத்தில், மூன்று வாரம் தலைகுனிந்து நடந்தார்கள். தன் காம்பவுண்டுக்குள் விழுகிற நூல் தனக்கே சொந்தம் என்று நாச்சிமுத்து அறிவித்து, காலையும் மாலையும் சாக்குப்பையோடு வந்து பொறுக்கிப்போனார்.

அந்தச் சொல்லை விட்டுவிடலாம் என்றும் பார்த்தோம். வரிசை என்று சொல்லிப் பழகினோம். ரேஷன் கடையில் அது செல்லுபடியானது. ஆனால் கரண்ட் வரிசை போய்விட்டது என்று சொல்ல முடியவில்லை, அதற்குக் கம்பி என்ற சொல் வேண்டியிருந்தது. தண்ணீர் வருவதற்குக் குழாய், ரயில் போவதற்குத் தண்டவாளம், நோட்டில் போடுவதற்குக் கோடு, பிழைப்புக்குத் தொழில் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிவரவேண்டியிருந்தது. கம்பெனியில் பவர் டேபிள் என்கிற தையல் மெஷின்கள் இருபது ஒன்றன்பின் ஒன்றாக நின்று, முதல் டேபிளில் தோளாக நுழைந்த துணி கடைசி டேபிளில் சட்டையாக வெளியே வருகிற அந்த ஏற்பாட்டுக்கும், நாங்கள் வசித்த வீட்டுக்கும் எந்தச் சொல்லும் பொருந்தவில்லை. வரிசை வீடு என்று சொன்னபோது, ஏதோ சீர்வரிசையாக வந்த வீடு போல ஒலித்தது. பத்து நாளில் எல்லோரும் பழைய சொல்லுக்கே திரும்பிவிட்டோம்.

கம்பெனியின் துணி சோதிக்கும் லேபில் எனக்கு வேலை. அந்த நூல் என்ன நூலென்று பார்க்கச் சொல்லி மேனேஜர் ஒரு நூற்கண்டை என்னிடம் கொடுத்தார். கொளுத்திப் பார்த்தேன். பாலியஸ்டர் போல உருகி மணியாகவில்லை, காகிதம் எரிகிற வாசனை வந்தது. பருத்தி என்றுதான் எழுதியிருப்பேன், ஆனால் மைக்ராஸ்கோப்பில் இழை மூங்கிலைப் போலக் கணுக்கணுவாகத் தெரிந்தது. லினன். ஆளிச் செடியின் தண்டிலிருந்து உரிக்கிற நார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒருவர் கூட ஆளி போடுவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போய், தூக்க முடியாத அகராதியைப் பிரித்துப் பார்த்தபோது, லைன் என்ற சொல்லே அந்தச் செடியின் பழைய லத்தீன் பெயரிலிருந்து வந்தது என்று போட்டிருந்தது. சுவர் கட்டுகிறவர்கள் நேர் பார்க்க இழுத்துக் கட்டிய ஆளி நூலுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். அதிலிருந்துதான் கோடு, அதிலிருந்துதான் வரிசை, கம்பி, தண்டவாளம் எல்லாம்.

இதை நான் ஒருவரிடம்தான் சொன்னேன், துளசிமணியக்காவிடம். கம்பெனியில் மூன்றாம் லைனுக்குச் சூப்பர்வைசர், எங்கள் லைனில் ஐந்தாம் வீடு. பதினொரு வருஷமாக அந்தச் சொல்லைச் சொல்லியே சம்பாதித்தவர்.

"ஏங்கண்ணு, நூல்ல இருந்து வந்த வார்த்தை நூலாவே திரும்பி வருதுங்கறயா?" என்று அக்கா கேட்டார்.

"ஆமாங்க்கா."

"அப்ப நாம இங்கிலீஷே பேசலை. வாயில நூலை வெச்சுட்டுப் பேசியிருக்கறோம். அதான் இத்தன வருசமா எனக்கு இங்கிலீஷ் வரலையாட்ட இருக்குது." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு இல்லை.

ஆவணியில் ஒரு புதன்கிழமை, மூன்றாம் லைனில் காலர் வைக்கிற மாடத்தி வேலைக்கு வரவில்லை. எங்கள் லைனில் ஆறாம் வீட்டில் மூன்று பெண்களோடு தங்கியிருந்தவள், சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். அதே நாளில் அயர்ன் செக்‌ஷன் பாக்கியநாதனும் வரவில்லை. இருவரும் வேறு வேறு சாதி ஆட்கள், அவள் வீட்டில் தெரிந்தால் என்ன நடக்கும் என்பது அவள் சொல்லாமலே எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே தாலி கட்டியாகிவிட்டது என்றும், திங்கட்கிழமை மனு நாளில் ஒரு வக்கீலம்மா அவர்களைக் கூட்டிப்போய்ப் பெரிய அதிகாரி கையில் நேராக மனு கொடுக்கப்போகிறார் என்றும், கொடுத்துவிட்டால் பிறகு போலீஸ் துணை கிடைக்கும் என்றும் குழாயடியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அதுவரை, ஐந்து நாள், இருவரும் யார் கண்ணிலும் படக் கூடாது. எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் யார் என்பதும் யாருக்கும் தெரியாது, வியாழக்கிழமை காலையில் வெள்ளைக் கார் வரும்வரை.

காரிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். மாடத்தியின் அண்ணன் இசக்கிராசா, அவனுடைய இரண்டு தாய்மாமன்கள். டீக்கடையில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், எங்கள் ஊர் நூலின் குணம் அவர்களுக்கு முழுதாகத் தெரிந்துவிட்டது. டீக்கடைக்காரர் பெருமையாக ஒரு முறை சொல்லியே காட்டினாராம். பெரிய மாமா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாராம்.

பிறகு அவர்கள் எங்கள் லைனுக்கு வந்தார்கள். கத்தவில்லை, யாரையும் தொடவில்லை. முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வாசலிலும் நின்று பெரிய மாமா ஒரே கேள்வியைக் கேட்டார். "எங்க புள்ள மாடத்தி இப்ப எந்த லைன்ல இருக்கா?" அவருடைய நூல் அவர் செருப்பின் மேலேயே விழுந்தது. "நீங்க சொல்லுங்க. எந்த லைன்னு தெரியாதுன்னாவது சொல்லுங்க. அது போதும்."

"எந்த லைன்னு தெரியாதுங்க" என்று முதல் வீட்டுக்காரர் சொன்னார். நூல் காலடியில் சுருண்டது. பெரிய மாமா குனிந்து, அது எங்கும் நகரவில்லை என்று பார்த்துவிட்டு, அடுத்த வாசலுக்குப் போனார். இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு, என் வீடான நான்காவது. நானும் சொன்னேன். என் நூலும் என் பாதத்தின் மேல் விழுந்தது, குளிர்ச்சியாக இருந்தது. கார் கதவு திறந்தே கிடந்தது, பின்சீட்டின் அடியில் சாக்குப்பையில் நீளமாக எதையோ சுற்றி வைத்திருந்தார்கள். அது என்னவென்று நாங்கள் யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் வாசலில் துளசிமணியக்கா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார்.

"தொண்டக் கட்டோ?" என்று பெரிய மாமா கேட்டார். "ஒரு வார்த்த சொல்ல முடியாத அளவுக்கா?"

அக்கா தலையை ஆட்டினார். பெரிய மாமா அவரை ரொம்ப நேரம் பார்த்தார். ஆறாம் வீட்டுக்கும் அதற்கு அடுத்த வீடுகளுக்கும் அவர் போகவே இல்லை. காருக்குத் திரும்பி, அதை ஐந்தாம் வாசலுக்கு நேராகத் திருப்பி நிறுத்தச் சொன்னார்.

அதன் பிறகு மூன்று நாள் துளசிமணியக்கா வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் பேசலாமே என்று தோன்றும். ஆனால் பதினொரு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர் எதைப் பேசினாலும் பத்தாவது வார்த்தைக்குள் அது வந்துவிடும், வந்தால் மனசில் அந்த மூன்று நாளும் இருந்த ஒரே இடத்துக்கு அது நேராகப் போகும். கம்பெனியில் விசிலும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு வேலை வாங்கினார். தப்புத் தைத்தவளின் டேபிளில் விரலால் தட்டினார். திட்டு வாங்காமல் தைக்க வேண்டியிருந்ததால் மூன்றாம் லைன் பெண்கள் பயந்துபோனார்கள், ஒருத்தி அழுதாள். கார் காலையில் அவருக்குப் பின்னால் கம்பெனிவரை ஊர்ந்து வந்தது, மாலையில் ஊர்ந்து திரும்பியது.

வெள்ளிக்கிழமை காலையில் இசக்கிராசா குழாயடிக்கு வந்து என்னிடம் ஒரு செம்பு தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு, கீழே கிடந்த நூலில் ஒரு சாண் எடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து முறுக்கிப் பார்த்தான்.

"நல்ல நூலு. எங்க தறியில இது ஓடுனா அறுபடவே செய்யாது."

"தறி ஓட்டறீங்களா?"

"ரெண்டு தறி. மாடத்திதான் எனக்குத் தார்க்குச்சியில நூலு சுத்திக் குடுப்பா. அவ சுத்துன நூலு நாடாக்கட்டையில ஏறி ஓடுனா ஒரு எழ பெசகாது. அவ இங்க வேலைக்கி வந்தப்பொறவு கூலிக்கி ஆள் வச்சிருக்கேன். ஒரு நாளைக்கி நாப்பது தடவ அறுபடுது."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அவளப் பாத்தா என்ன செய்வீங்க?"

அவன் காரைத் திரும்பிப் பார்த்தான். "மாமாமாரு கூட வந்திருக்காக" என்றான். அது என் கேள்விக்குப் பதில் என்பது போலச் செம்பைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் காருக்குள்ளிருந்து பெரிய மாமாவின் குரல் கேட்டது. "நீ ஆம்பளதானல? ஒரு பொம்பள வாயத் தெறக்க வைக்க முடியல. ஊர்ல போயி என்னன்னு சொல்லச் சொல்லுத?"

சனிக்கிழமை நாச்சிமுத்து வந்தார். நூல் பொறுக்குகிற சாக்குப்பையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐந்தாம் வாசலில் நின்றார்.

"சொல்லிப்போடு துளசி. யாரு பெத்த புள்ளைக்கோ நீ எதுக்கு ஊமையாவோணும்? ஊட்டு முன்னால கார் நின்னா எனக்கு நல்லாவா இருக்குது? நாலு பேரு கேக்கறாங்கல்ல?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

"என்னையப் பாத்தா? நானா தாலி எடுத்துக் குடுத்தேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போய்விட்டார். அவர் மட்டுமில்லை, ஏழாம் வீட்டு அம்மாவும் அதையேதான் சொன்னார். ஒரு சொல்தானே, சொல்லிவிட்டால் கார் போய்விடும், நம் லைனுக்கு என்ன வந்தது என்று. அப்படிச் சொன்னபோது அவருடைய நூல் பன்னிரண்டு வாசலையும் தொட்டுக்கொண்டு போகாமல், நேராக ஆறாம் வீட்டு வாசலில், மாடத்தி விட்டுப்போன செருப்பின் மேல் போய்ப் படுத்தது. அதை அவரே ட்ரிம்மரால் வெட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விடுகிற நாள். எங்களுக்கு எட்டு நாளைக்கு ஒரு முறைதான் நல்ல தண்ணீர். ஆறு மணிக்கே குழாயிலிருந்து கேட்வரை குடங்கள் நின்றன. குடம் நிற்கிற இடம்தான் ஆள் நிற்கிற இடம், அதை ஒரு விரல்கிடை நகர்த்தினாலும் சண்டை வரும். முதல் குடம் துளசிமணியக்காவுடைய பச்சைக் குடம், முந்தின ராத்திரியே வைத்தது. என் குடம் கடைசியில், கேட்டை ஒட்டி. ஏழு மணிக்குக் குழாய் இருமி, காற்றைத் துப்பி, தண்ணீர் விட்டது.

அப்போதுதான் பெரிய மாமா காரிலிருந்து ஒரு காலிக் குடத்தோடு இறங்கினார். யாரையும் பார்க்காமல் நேராகக் குழாயடிக்கு நடந்து, பச்சைக் குடத்தைக் காலால் ஒதுக்கினார். அது உருண்டு, பாதி நிரம்பிய தண்ணீரைக் கொட்டிக்கொண்டே போய்ச் சுவரில் மோதியது. தன் குடத்தைக் குழாயின் கீழே வைத்தார்.

பதினொரு வருஷத்துப் பழக்கம் அக்காவின் மனசைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

"யோவ், லைன்ல வெய்யி!"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கில் நூல் வந்துகொண்டிருந்தது. இறங்கி, குடங்களின் வரிசையை நோக்கி நகர்ந்து, முதல் குடத்தைத் தொட்டது. அது அங்கேயே நின்றிருந்தால் வெறும் குழாயடிச் சண்டையாகப் போயிருக்கும். நூல் குடத்தின் மேல் ஒரு கணம் தயங்கியது, எதையோ நினைத்துக்கொண்டது போலத் தலையைத் தூக்கியது, பிறகு குடங்களை விட்டுவிட்டு, மண்ணில் வேகமாக ஓடி, என் காலைத் தாண்டிக் கேட்டுக்கு வெளியே போய், வலது பக்கம், தெற்கே தாராபுரம் ரோட்டைப் பார்த்துத் திரும்பியது.

அந்தப் பக்கம், குண்டடத்தைத் தாண்டி, அக்காவின் உடன்பிறந்தவருக்கு ஒரு கோழிப்பண்ணை இருந்தது. எனக்கு அது பிறகுதான் தெரியும்.

"புடிலே!" என்று பெரிய மாமா கத்தினார். அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார், ஆனால் அதற்குள் இசக்கிராசா ஓடிவந்து அறுந்த முனையைக் கையில் பிடித்துவிட்டான். சின்ன மாமா காரின் பின்கதவைத் திறந்தார். இசக்கிராசா நூலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்து வந்தான்.

அப்போது நாச்சிமுத்து கத்தினார். நேற்றுவரை சொல்லிவிடச் சொன்ன அதே நாச்சிமுத்து, உருண்டு கிடந்த பச்சைக் குடத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "எவண்டா அவன், என்ர லைன்ல வந்து குடத்தை எத்தறது? முப்பது வருசமா இந்த லைன்ல ஒருத்தன் குடத்தை ஒருத்தன் தொட்டதில்லடா! இது என்ர லைன்டா!" மூன்று முறை சொன்னதால் மூன்று நூல்கள் வந்து, பன்னிரண்டு வாசற்படியிலும் மோதி, பெரிய மாமாவின் கணுக்காலைச் சுற்றின.

அதன் பிறகு யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. முதல் வீட்டுக்காரர் கரண்ட் லைன் என்று கத்தினார், நூல் கம்பத்தில் ஏறியது. ஒரு பிள்ளை நோட்டு லைன் என்றது. மூன்றாம் லைன், நாலாம் லைன், கட்டிங் லைன் என்று பெண்கள் வேலை செய்த இடங்களைக் கூவினார்கள், நூல்கள் சுவரேறிக் கம்பெனிகளைப் பார்த்து ஓடின. ஏழாம் வீட்டு அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, எந்த லைன் என்று யோசிக்காமலே லைன் லைன் லைன் என்று நெஞ்சிலடித்துக் கத்தினார், அவர் காலடியில் முழங்கால் உயரத்துக்கு நூல் குவிந்தது. யாரோ லைன் அடிக்கிறதைச் சொல்லிக் கத்த, அந்த நூல் பத்தாம் வீட்டிலிருந்து இரண்டாம் வீட்டுக்குப் போனதை நான் பார்த்தேன், வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். குழாயடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. மாமன்கள் இருவரும் காலை எடுத்து வைக்க முடியாமல், வலையில் நிற்கிறவர்கள் போல நின்றார்கள்.

ஆனால் இசக்கிராசா கையை விடவில்லை. ஆயிரம் நூல் குறுக்கே வந்தாலும் தன் விரலுக்குள் இருக்கிற இழை எது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தலை நிமிராமல், ஒவ்வொரு முழமாக, அவன் கேட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

நான் கூட்டத்தில் கத்தியதே இல்லை. காலேஜில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது சொல்வதுகூட லெக்சரருக்குக் கேட்காது. "ரயில்வே லைன்" என்று சொன்னேன், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அது போதுமாக இருந்தது. என் நூல் கேட்டைத் தாண்டி, இடது பக்கம், வடக்கே, தண்டவாளம் இருந்த திசைக்குப் போனது. குடத்தை எடுக்கிறவள் போலக் குனிந்தேன். கழுத்திலிருந்த ட்ரிம்மரால் துளசிமணியக்காவின் நூலை வெட்டினேன். தெற்குப் பக்கத்து முனை ஓணான் வாலைப் போல ஒரு முறை துடித்து, தானாக நழுவிச் சந்து முனையில் மறைந்தது. என் உதட்டிலிருந்த நூலையும் வெட்டி, இசக்கிராசாவின் கையிலிருந்து வந்த முனையோடு சேர்த்து முடிந்தேன். அவசரத்தில் முடிச்சு அவரைக்காய் மாதிரி பெரிதாக விழுந்தது, இழுத்தால் அவிழ்கிற முடிச்சு.

நிமிர்வதற்குள் இசக்கிராசாவின் கை அந்த முடிச்சின் மேல் வந்துவிட்டது.

அவன் நின்றான். கட்டைவிரல் முடிச்சைத் தடவிப் பார்த்தது. இரண்டு தறி ஓட்டுகிறவன் விரல். பிறகு என்னைப் பார்த்தான், என் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்த ட்ரிம்மரைப் பார்த்தான், வலது பக்கம் காலியாகக் கிடந்த சந்தைப் பார்த்தான்.

பின்னால் பெரிய மாமா கத்தினார். "என்னல நின்னுட்ட? எந்தப் பக்கம் போகுது?"

இசக்கிராசா என் முடிச்சை அவிழ்த்தான். அவிழ்த்தபோது இரண்டு முனைகளும் அவனுடைய இரண்டு கைகளில் தனித்தனியாக இருந்தன. பிறகு ஒரு முனையை மடித்து, இன்னொன்றை அதற்குள் நுழைத்து, சுண்டி, நகத்தால் பிசிறைக் கிள்ளினான். தறியில் ஒரு நாளைக்கு நாற்பது முறை போடுகிற முடிச்சு. அது விழுந்த இடம் எது என்று எனக்கே பிறகு தெரியவில்லை.

"வடக்க போகுது மாமா" என்று அவன் உரக்கச் சொன்னான். "இந்தப் பக்கந்தான். வாங்க."

அவர்கள் போனார்கள். நூல் சந்துகளைக் கடந்து தண்டவாளத்தில் ஏறியதாகவும், கார் அதற்கு மேல் போக முடியாமல் நின்றுவிட்டதாகவும், மாமன்கள் இருவரும் ஜல்லிக்கல்லில் செருப்பு பிய்ய அவனுக்குப் பின்னால் நடந்ததாகவும், அவன் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நூலைக் கையில் சுற்றிக்கொண்டே ஊத்துக்குளியைத் தாண்டிப் போனதாகவும் கேள்விப்பட்டோம். ரயில் பாதைக்கு முடிவு எங்கே இருக்கிறது? ராத்திரியாகியும் கார் திரும்பி வரவில்லை.

திங்கட்கிழமை காலை, வக்கீலம்மா, மாடத்தி, பாக்கியநாதன், துளசிமணியக்கா, நான் ஐந்து பேரும் மனு ஹாலில் இருந்தோம். மாடத்தியின் தலைமுடியில் கோழிப்பண்ணையின் தவிடு ஒட்டியிருந்தது. தட்டிவிட நினைத்தேன், தொட்டால் அழுதுவிடுவாளோ என்று விட்டுவிட்டேன். அவளுடைய அண்ணனின் கை என்ன செய்தது என்று இன்னும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. எங்கள் முறை வந்தது. அதிகாரி மனுவைப் படித்தார். கேள்விகள் கேட்டார். போலீஸ் துணைக்கு உத்தரவு எழுதச் சொல்லிவிட்டு, சாட்சியாகக் கையெழுத்துப் போட வந்த துளசிமணியக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இந்தப் பொண்ணுக்கு யாரும்மா? அம்மாவா?"

அக்கா இல்லை என்று தலையசைத்தார்.

"சொந்தமா?"

அதற்கும் தலையசைத்தார்.

"வாயத் தெறந்து சொல்லும்மா. உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல எதாவது எழுதணும்ல?"

துளசிமணியக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கத்தியதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை, குரல் துருப்பிடித்த கேட்டைப் போல வந்தது.

"நாங்க ஒரே லைனுங்க சார்."

நூல் வந்தது. நீளமாக வரவில்லை, ஒரு முழம்கூட இருக்காது. மேசையின் மேல் இறங்கி, மனுவைக் குறுக்கே கடந்து, மாடத்தியின் மணிக்கட்டைப் போய்த் தொட்டு நின்றது. அதற்கு மேல் போக அதற்கு இடம் இல்லை.

அதிகாரி வெளியூர்க்காரர், ஆனால் ஆடியிலிருந்து இங்கேதான் வேலை பார்க்கிறார். காகிதத்தின் மேல் கிடந்த நூலைப் பேனாவால் மெதுவாக ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளார்க்கைப் பார்த்துத் தலையசைத்தார். கிளார்க் அந்தக் கட்டத்தில், கொட்டை எழுத்தில், லைன் என்று எழுதினார்.